முயற்சியும் ஆட்கொள்ளலும்: ரமணரின் மதுரை நிகழ்ச்சி பற்றிய உரைகள்

மெய்யுணர்வு என்பது தியானம், மூச்சடக்கம் முதலாய பயிற்சிகளால் பெறப்படுவதா, அன்றி எவ்வகைப் பயிற்சியும் இன்றித் தானே வந்து எய்துவதா என்னும் வினா சமய அறிஞர்க்கே உரியது என்று எண்ணி, இலக்கிய ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்வர். அவ்வாறு ஒதுங்குதற்கு இடமில்லை என்பது நம் கருத்து. இவ்வினாவில் இரு பக்கத்தாரும் சான்றாகக் காட்டுவன நூல்களே அல்லவா? நூல் என்று வந்துவிட்டால், அஃது எம்மொழியில், எக்காலத்தில், யார் வினவ, யார் எழுதியது என்று கேட்கும் கடமை நமக்கு வந்துவிடுகிறது.

அண்மைக் காலத்தில் இதன்பொருட்டு மிகுதியாக எடுத்தாளப்படும் சான்று மதுரையைச் சேர்ந்தது. 1896ஆம் ஆண்டு சூலைத் திங்கள் நடுவில், மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்திற்கு அணித்தான சொக்கப்ப நாயக்கன் தெருவில், 11ஆம் எண் வீட்டு மாடியில், பதினாறு வயது நிரம்பிய வேங்கடராமன் என்னும் மாணவருக்கு நேர்ந்த சாவச்சமும் அதன் விளைவுமே அச்சான்று. பின்னாளில் ரமண மகரிசி எனப்பட்டவர் அவரே. ஆசிரியன் இல்லை, மந்திரம் இல்லை, தியானம் இல்லை, ஆயினும் மெய்யுணர்வு வந்தது, ஆதலின் பயிற்சி வேண்டா என்பர் ஒரு சாரார். அன்று, அவர் அம்மாடியிற் செய்ததே 'நான் யார்' என்னும் விசாரப் பயிற்சி, அதனையே பின்னர் உலகிற்கு உரைத்தார், ஆதலின் பயிற்சி வேண்டும் என்பர் மற்றொரு சாரார். ஒரே நிகழ்ச்சி முரண்பட்ட இரு முடிபுகளுக்கும் சான்றாதல் எங்ஙனம்? இரு சாராரும் படிக்கும் மூலத்தை ஆராய்ந்தாலன்றி விடை கிடையாது.

மூலத்தைத் தொடுமுன், இவ்வினா புதிதன்று என்பதைச் சுட்டல் வேண்டும். நாகமலை புதுக்கோட்டைக்கு அணித்தே கீழக்குயில்குடிச் சமணர் மலை உளது. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும், அருகே முத்துப்பட்டிக் குன்றில் அவற்றினும் முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகளும் கற்படுக்கைகளும் காணலாம். பாறையை வெட்டிப் படுக்கையாக்கி அதில் உடலைக் கிடத்தி வாழ்ந்த துறவியரைப் போல் முயற்சியில் நம்பிக்கை வைத்தவர் பிறர் இலர். ஆயினும் அச்சமயத்தின் அடிப்படை நூலாகிய உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், நற்காட்சி தோன்றும் வாயில்கள் இரண்டென முதல் இயலிலேயே வகுத்துவிடுகிறது. ஒன்று இயல்பாகத் தோன்றுவது. மற்றொன்று கற்றும் கேட்டும் தோன்றுவது. கடுந்தவத்தாரே இவ்வாறு இயல்புக்கும் இடம் விட்டிருத்தலின், தவத்தை நாட்டுவோர் இயல்பை மறுத்தேயாக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்பது விளங்கும். சீன நாட்டுத் தியான பௌத்தத்தில் 'திடீர் விழிப்பு', 'படிப்படி விழிப்பு' என்று எழுந்த எட்டாம் நூற்றாண்டுப் பூசலும், பெரும்பகுதி பின்வந்தோர் தம் மரபை உயர்த்த எழுதிய எழுத்தால் விளைந்தது என்றே இன்றைய ஆய்வாளர் கொள்வர். நிகழ்ந்தது ஒன்று, நிகழ்ந்ததை எழுதியவன் நோக்கம் ஒன்று. மதுரை நிகழ்ச்சிக்கும் இந்நோக்கு வேண்டற்பாலது.

இனி மூலத்தைக் காண்போம். வேங்கடராமன் 1879 திசம்பர் 30ஆம் நாள் திருச்சுழியிற் பிறந்தவர். 1892இல் தந்தையார் மறைந்தபின் மதுரையில் சிற்றப்பர் வீட்டில் வளர்ந்து, அமெரிக்க மிசன் உயர்நிலைப்பள்ளியிற் பயின்றார். சூலை நிகழ்ச்சியைப் பற்றி நாம் யாவரும் அறிந்த விவரம், உறவினர் எவரும் இல்லாத வேளையில் திடுமெனச் சாவச்சம் தோன்றியது, கை கால்களைப் பிணம் போல் நீட்டிக் கிடந்தது, மூச்சை அடக்கி வாயை இறுக மூடியது, உடல் மாண்டால் மாள்வது எது என உள்ளே நோக்கியது, உடல் கடந்த ஒன்று தானென நேரே உணர்ந்தது, இவையெல்லாம் எங்கிருந்து வந்தன? பி.வி. நரசிம்ம சுவாமி ஆங்கிலத்தில் எழுதி 1931இல் வெளியான 'செல்ஃப் ரியலைசேஷன்' என்னும் வரலாற்று நூலிலிருந்து வந்தன. அந்நூலில் இப்பகுதி தன்மை ஒருமையில், மகரிசியே வாய்திறந்து சொல்வது போல் அமைந்துள்ளது. பின்வந்த வரலாறுகள் பல இதனை எடுத்தாண்டன. தமிழில் வழங்குவனவும் பெரும்பாலும் இவ்வாங்கிலத்தின் பெயர்ப்புகளே. நம் முதுகலை மாணவர் இப்பெயர்ப்பை மேற்கோட் குறிகளுக்குள் இட்டு 'ரமணர் கூற்று' என எழுதுவதைப் பல்லாண்டாகக் கண்டு வருகிறோம். சொல்லாராய்ச்சி செய்யும் மாணவரும் இதிலுள்ள சொற்களை எடுத்து ஆய்கின்றனர். அவர்கள் ஆய்வது பெயர்ப்பாளர் சொற்களை.

நரசிம்ம சுவாமி நேர்மையாளர். 1930இல் மகரிசியிடம் பல அமர்வுகளிற் கேட்டுத் தெரிந்தவற்றைத் தொகுத்தே அவர் இப்பகுதியை எழுதினார். தொடக்கப் பதிப்புகளின் அடிக்குறிப்பில், சொற்கள் உள்ளவாறே குறித்துக்கொள்ளப்பட்டவை அல்ல என்றும், சுவாமி பொதுவாக 'நான்', 'நீ' என்னாது பொதுப்படப் பேசுபவர் என்றும், தமிழ்மொழி அத்தகைய பேச்சிற்கு நன்கு இடங்கொடுப்பது என்றும் அவரே குறித்துவிட்டார். இவ்வடிக்குறிப்பை மேற்கோள் காட்டுவார் அரியர். இதனைவிட முதன்மையான குறிப்பு அந்நூலிலேயே வேறு இல்லை என்போம்.

இதன் விளைவைச் சிறிது விரித்துக் காண்க. எழுவாயை வெளிப்படக் கூறாமலே வாக்கியம் முடித்தல் தமிழில் இயல்பு. 'தெரிந்தது', 'தோன்றிற்று', 'அச்சம் வந்தது' என்றால் போதும். யாருக்கு என்பது குறிப்பாற் பெறப்படும். ஆங்கிலம் அவ்வாறு விடாது. எழுவாய் வேண்டும் என்னும், செய்தவன் யார் என்னும். ஆதலின் பெயர்த்தவர் ஒவ்வொரு தொடரின் தலையிலும் ஒரு 'நான்' வைத்தாக வேண்டியதாயிற்று. அவ்வாறு வைத்தவுடன் நிகழ்ந்தவை செயல்களாகிவிடுகின்றன. 'இவ்வாறு தோன்றிற்று' என்றது 'இவ்வாறு எண்ணினேன்' ஆகிறது. 'நோக்கம் உள்ளே திரும்பிற்று' என்றது 'நோக்கத்தைத் திருப்பினேன்' ஆகிறது. (இவ்வெடுத்துக்காட்டுகள் இயல்பை விளக்க நாம் அமைத்தவை. அவர் பேசிய சொற்கள் என்று கொள்ளற்க.) விசாரப் பயிற்சி அம்மாடியிலேயே செய்யப்பட்டது என்று வாதிடுவார்க்குக் கிடைத்த வலிமையிற் பெரும்பகுதி ஆங்கில இலக்கணம் கொடுத்த வலிமை. மற்று, நிகழ்ச்சி முழுதும் தானே நிகழ்ந்தது என்பார்க்கும் இந்நூல் முழுத்துணை ஆகாது. கைகால் நீட்டியதும் மூச்சடக்கியதும் வாய் மூடியதும் எம்மொழியிற் சொன்னாலும் வேண்டுமென்றே செய்த செயல்களே. சாவை நடித்துப் பார்த்தான் ஓர் இளைஞன். நடிப்பிற்கு நடிப்பவன் வேண்டும். முன்பயிற்சி இன்மை என்பதும் முயற்சி இன்மை என்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் ஒன்றாக்கியதே முதற் சாராரின் பிழை.

நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன என்பதையும் நினைத்தல் வேண்டும். பிரமம் முதலிய சொற்களை மதுரையில் தாம் கேட்டறியாதவர் என்றும், திருவண்ணாமலையில் ரிபு கீதை முதலிய நூல்களைப் பிறர் படிக்கக் கேட்டபோதுதான் தமக்கு முன்பே நேர்ந்ததற்கு அந்நூல்கள் பெயரிட்டு வகுத்திருக்கக் கண்டார் என்றும் அவ்வரலாறே கூறுகிறது. நிகழ்வு முன், பெயர் பின். 1930இல் நினைவுகூர்ந்து சொன்னபோது அப்பெயர்கள் யாவும் கைவசம் இருந்தன.

அங்ஙனமாயின் நிகழ்ச்சிக்கு நெருங்கிய தமிழ் ஆவணம் யாதேனும் உண்டா? உண்டு. மதுரையை விட்டுப் புறப்பட்ட 1896 ஆகத்து 29ஆம் நாள் வேங்கடராமன் தம் தமையனார்க்கு எழுதி வைத்த சிறு கடிதமே அது. மாடி நிகழ்ச்சிக்கும் இக்கடிதத்திற்கும் இடையே ஏறத்தாழ ஆறு வாரமே. ரமண இலக்கியத்தில் இதற்கு முற்பட்ட எழுத்து வேறில்லை. பத்தர்கள் இதனைப் போற்றிக் காப்பது உண்டாயினும், இலக்கிய ஆராய்ச்சியாளர் இதனை ஓர் உரைநடைப் பனுவலாக எடுத்துப் படித்தது குறைவு.

சில வரிகளே உடைய அக்கடிதத்தில் மூன்று செய்திகள் நம் கருத்தை ஈர்க்கின்றன. முதலாவது, 'நான்' என்று தன்மையில் தொடங்கிய எழுத்து, சில வரிகளுக்குள் தன்னை 'இது' என்று அஃறிணையாற் சுட்டத் தலைப்படுகிறது. இரண்டாவது, கடிதத்தின் ஈற்றிற் கையொப்பம் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்திற் கோடுகளே உள்ளன. இவ்விரண்டையும் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். மூன்றாவதே நம் வினாவிற்கு இன்றியமையாதது. தாம் புறப்படுவதற்குக் காரணமாக அவர் கூறுவது, தம் தந்தையைத் தேடி, அவருடைய ஆணைப்படி செல்வதாக. ஈண்டு விசாரமும் இல்லை, 'நான் யார்' என்னும் வினாவும் இல்லை, தியானம் என்ற சொல்லும் இல்லை. ஆணையிடுபவன் ஒருவன் இருக்கிறான். ஆணைப்படி ஒழுகுவது ஒன்று இருக்கிறது. ஒழுகுவது தன்னை 'இது' என்கிறது.

வீட்டாருக்கு எழுதும் கடிதத்தில் அவர்களுக்கு விளங்கும் மொழியிலன்றோ எழுதுவான், இதனைக்கொண்டு கொள்கை காணலாமா என்று ஒரு தடை எழலாம். தந்தை, ஆணை என்னும் சொற்களுக்கு அத்தடை ஓரளவு பொருந்தும். ஆயின் 'இது' என்பதற்குப் பொருந்தாது. தன்னை அஃறிணையாற் சுட்டுவது எந்தக் குடும்பக் கடித மரபிலும் இல்லை. தமையனார்க்கு அது விளங்கியிருக்கவும் வாராது. அப்பணத்தில் கல்லூரிச் சம்பளத்திற்கு மிச்சம் இவ்வளவு இருக்கிறது என்று கணக்கும் எழுதிய கை, மிகத் தெளிவாக இருந்த கை. ஆதலின் அச்சொல்லாட்சி தடுமாற்றத்தால் வந்தது என்றும் கூற இயலாது.

இவ்விலக்கணத்தைத் தமிழ் முன்பே அறியும். மேலூரை அடுத்த திருவாதவூரிற் பிறந்து, மதுரையில் அமைச்சராயிருந்து, குதிரை வாங்கச் சென்ற வழியில் திருப்பெருந்துறைக் குருந்த மரத்தடியில் தடுக்கப்பட்ட மணிவாசகரின் வரலாற்றில் எழுவாய் யார்? அவரல்லர், இறைவன். சுந்தரரின் வரலாற்றைச் சொல்லும் பகுதிக்குச் சேக்கிழார் நூலில் 'தடுத்தாட்கொண்ட புராணம்' என்றே பெயர். திருமணப் பந்தலில் இருந்த மணமகன் செயப்படுபொருள், ஓலை காட்டி வழக்கிட்ட முதியவனே எழுவாய். முயன்று பெற்றாரா, தானே வந்ததா என்று கேட்டால் இவ்வரலாறுகள் இரண்டையும் மறுக்கும். முயலவும் இல்லை, தானே வரவும் இல்லை, ஒருவன் கொடுத்தான் என்னும். 'தானே நிகழ்வது' என்னும் இக்காலத் தொடரில் அந்தத் 'தான்' யார் என்னும் வினா மறைந்துவிட்டது.

வேங்கடராமன் படித்த முதற் சமயநூல் பெரியபுராணம் என்பர். 1895 நவம்பரில் உறவினர் ஒருவர் வாயிலாக அருணாசலம் என்னும் பெயர் கேட்டதும், பின்னர்ச் சிற்றப்பர் வீட்டிற் கிடைத்த பெரியபுராணம் படித்ததுமே சூலைக்கு முன் அவர் சமய வாழ்வில் நமக்குத் தெரிந்த நிகழ்ச்சிகள். பெரியபுராணத்தைத் தியான நூல் என்று எவரும் சொல்லார். மனத்துள்ளே கோயில் எடுத்த பூசலாரை ஒருபுறம் வைத்தால், அங்கு முறைசார்ந்த உள்நோக்குப் பயிற்சி என ஒன்றைத் தேடுவது அரிது. கண்ணப்பர்க்கு ஆறே நாள் போதியதாயிற்று. திருநாவுக்கரசர்க்குச் சூலை நோய் வாயிலாயிற்று. அவ்வாறாயின் முயற்சியே இல்லையோ எனின், நூல் முழுதும் முயற்சியே நிரம்பியுள்ளது. விளக்கெரித்தல், பூத்தொடுத்தல், சோறிடல், ஆடை வெளுத்தல் முதலாயின. சேக்கிழார் இவற்றிற்கு வைத்த பெயர் திருத்தொண்டு. தொண்டு செய்தவர் எவரும் இதனால் இது வரும் என்று கணக்கிட்டுச் செய்யவில்லை. பயிற்சி என்பது பயன் நோக்கிய செயல். தொண்டு என்பது பயன் நோக்காச் செயல். பயிற்சியா, தானே எய்துதலா என்று இரண்டாகப் பகுக்கும் வினாவில் தொண்டிற்கு இடமே இல்லை. நம் மரபின் பெரும்பகுதி அப்பகுப்பிற்கு வெளியே நிற்கிறது.

இனி நெறிநூல்களுக்கு வருவோம். நிகழ்ச்சியைச் சொல்லும் நூல் வேறு, நெறியைச் சொல்லும் நூல் வேறு. பின்னவை யாவும் பிறர் கேட்க எழுந்தவை. ஏறத்தாழ 1900 முதல் 1902 வரை, கம்பீரம் சேசய்யர் என்னும் நகராட்சி மேற்பார்வையாளர், யோக நூல்களைப் படித்து எழுந்த ஐயங்களை விருபாட்ச குகையிற் பேசாதிருந்த இளந்துறவியிடம் கேட்டார். விடைகள் தாள் துண்டுகளில் எழுதப்பட்டன. பின்னர் நடனானந்தர் ஒழுங்குபடுத்த 'விசார சங்கிரகம்' என்னும் நூலாயின. 1901, 1902ஆம் ஆண்டுகளில் தத்துவம் பயின்ற பட்டதாரியாகிய சிவப்பிரகாசம் பிள்ளை 'நான் யார்?' என்று கேட்டார். அதற்குக் கிடைத்த விடைகள் 1923இல் அச்சேறின. யோகம் பற்றிக் கேட்டவர்க்கு எட்டுறுப்பு யோகமும் உட்பட விடை கிடைத்தது. தன்னைப் பற்றிக் கேட்டவர்க்குத் தன்னாராய்ச்சி கிடைத்தது. கேட்டவன் வினாவே நூலின் வடிவை வகுத்துள்ளது. விசார சங்கிரகத்தின் யோகப் பகுதிகள், நம் மதிப்பில், ஆசிரியர் தம் அனுபவத்தை உரைப்பன அல்ல. வினவியவர் கையிலிருந்த நூல்களை அவர்க்கு விளக்கிக் கூறுவன. நடையும் அதற்கேற்பப் பட்டியல் நடையாய் உள்ளது. ரமணர் மூச்சடக்கம் பயின்றார் என்பதற்கு இந்நூலை எவரேனும் சான்று காட்டின், அஃது ஆசிரியரையும் வினவியவரையும் மாற்றிக் காண்பதாகும்.

'நான் யார்?' இதனினும் நுட்பமானது. அதன் வினாக்களின் எண்ணிக்கை பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுகிறது. பின்னர் ரமணரே வினாக்களை நீக்கிக் கட்டுரையாகத் திருத்தி எழுதினார். உருவத் தியானம், செபம், மூச்சடக்கம் ஆகியவை மனத்தை அடக்கத் துணை செய்வன, ஆயினும் மீண்டும் எழாதவாறு அடக்குவது விசாரமே என்பது அதன் கருத்து. பயிற்சிகளை அது விலக்கவில்லை, அளவிட்டுக் காட்டுகிறது. ஆயினும் மதுரை மாடியில் நிகழ்ந்ததைப் பற்றி அந்நூலில் ஒரு சொல்லும் இல்லை என்பதை நோக்குக. தமக்கு இவ்வாறு நேர்ந்தது, ஆதலின் நீரும் இவ்வாறு செய்ம்மின் என்று ஆசிரியர் கூறவே இல்லை. மாடியையும் விசாரத்தையும் காரண காரியமாக முடிச்சிட்டவர் பின்னாளில் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த நாமே.

நம் வினாவிற்கு ரமணர் நேர்நின்று விடையிறுத்த நூல் ஒன்றே. 1927இல் இயற்றிய உபதேச உந்தியார். அது பிறந்த சூழலே பொருள் பொதிந்தது. முருகனார் தாருகாவனத்து முனிவர் கதையைப் பாடி வந்தார். செய்வினை தானே பயன் தரும், அதற்கு இறைவன் வேண்டா என்று செருக்கியவர் அம்முனிவர். அவர்க்குச் சிவபெருமான் உபதேசிக்கும் இடம் வந்ததும், அவ்வுபதேசத்தை ரமணரே பாட வேண்டும் என்று முருகனார் வேண்டினார். முப்பது பாடல்கள் பிறந்தன. பயிற்சி தன் ஆற்றலால் பயன் தருமா என்னும் நம் வினாவும் முனிவர் செருக்கும் ஒன்றே அல்லவா?

நூல் முதலில் அச்செருக்கை அறுக்கிறது. வினை அறிவற்றது, அதன் பயன் இறைவன் ஆணையால் வருவது. பின்னர், அதே வினை பற்றின்றி இறைவற்கு ஆக்கப்படின் மனத்தைத் திருத்தும் என்று ஒரு வாயில் திறக்கிறது. பூசை, செபம், தியானம் என மேன்மேல் ஏறுகிறது. மூச்சடக்கத்திற்கு வரும்போது ஒரு வேறுபாட்டை நிறுத்துகிறது. ஒடுங்கிய மனம் மீண்டும் எழும், அழிந்த மனம் எழாது. ஈற்றுப் பாடலில் நிகழ்வது வியப்பு. 'யான்' அற்றபின் நிற்பதை உணர்தலே நல்ல தவம் என்று நூல் முடிகிறது. தவம் என்னும் சொல் தொடக்கத்திற்கு உரியது, பேற்றிற்கு முன் செய்யப்படுவது என்றே யாவரும் கருதுவர். ஈண்டு அது பேற்றின் பெயராகிவிட்டது. தவத்தால் மெய்யுணர்வு வருமா என்று கேட்ட முனிவர்க்கு, மெய்யுணர்வே தவம் என்று விடை. முனிவர் வினாவின் இரு சொற்களும் தம்முள் இடம் மாறிவிட்டன.

இதனைச் சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு நன்கு புலனாகும். அங்கு உயிர் வேடரிடையே வளர்ந்த மன்னன் மகன் போல் ஐம்புலன்களிடையே அயர்ந்துள்ளது. இறைவன் குருவாய் வந்து நீ இன்னான் என உணர்த்த, உணர்ந்து மீள்கிறது. உணர்தல் ஒரு நொடியே. மன்னன் மகன் எப்பயிற்சியாலும் மன்னன் மகன் ஆகவில்லை. ஆயினும் அந்நொடிக்கு முன் தவம் நிற்க வேண்டும் என்று மெய்கண்டார் கருதினார். முன்செய் தவத்தாலேயே குரு வருவான் என்பது அவர் துணிபு. சரியை, கிரியை, யோகம் என்பன அத்தவத்தின் படிகளாகும். இம்மையில் அப்படிகளைக் காணாவிடின் உம்மையில் வைத்துக்கொள்வர் சித்தாந்திகள். ரமணரைப் பற்றியும் முற்பிறவிப் பயிற்சி என்று கூறுவார் உளர். அக்கூற்றைச் சமய நூலாக நாம் மதிக்கிறோம். இலக்கிய வரலாற்றிற்கு அது பயன்படாது. எந்நிகழ்ச்சிக்கும் பொருந்தும் விளக்கம் எந்நிகழ்ச்சியையும் வேறுபடுத்திக் காட்டாது. அமெரிக்க அறிஞர் வில்லியம் சேம்சு 1902இல் வெளியிட்ட சமய அனுபவ நூலில், திடீரென நேரும் மனமாற்றங்களுக்குப் பின்னே மனத்தின் அடித்தளத்தில் நிகழும் நெடிய முதிர்ச்சி ஒன்று இருக்கலாம் என்றார். உம்மை என்ற இடத்தில் அடிமனம் என்று வைத்தார் எனலாம். விளக்கத்தின் அமைப்பு ஒன்றே.

இவ்வாராய்ச்சியாற் பயன் என்னை எனின், நாள்தோறும் எதிர்ப்படும் பயன் உண்டு. இன்று தியானம் பெருநிறுவனங்களாற் கற்பிக்கப்படுவது. 2015 முதல் ஆண்டுதோறும் உலகநாள் கொண்டாடும் அளவிற்கு யோகம் பரவியுள்ளது. அவ்வகுப்புகளிற் பல்லாண்டு பயின்றும் ஒன்றும் எய்தாதவர், ரமணர்க்குத் தானே வந்ததே என்று எண்ணித் தம் முயற்சியை இகழ்ந்து கைவிடுகின்றனர். வேறு சிலர், 1929இல் ஓமனில் சே. கிருட்டிணமூர்த்தி எல்லா நெறியையும் மறுத்த உரையையும் ரமணரையும் ஒன்றாக முடிந்து, எம்முயற்சியும் தடையே என்பர். ரமணர் அவ்வாறு எழுதவில்லை. உபதேச உந்தியார் பூசையையும் செபத்தையும் அவற்றிற்குரிய இடத்தில் வைத்துப் போற்றுகிறது. மற்றொருபுறம், விசாரத்தை ஒரு கருவி போல் இத்தனை நாளில் இத்தனை பயன் என விலைகூறுவாரும் உளர். தாருகாவனத்து முனிவர் சொன்னதும் இதுவே. இரு திறத்தாரும் எடுத்துக்காட்டும் 'ரமணர் கூற்று' 1931இன் ஆங்கிலமே என்பதை அறியின், இருவர் குரலும் சிறிது தாழும்.

இருசாராரும் கடந்து செல்லும் பகுதி ஒன்று அவ்வரலாற்றிலேயே உளது. சூலை நடுவிற்கும் ஆகத்து இறுதிக்கும் இடைப்பட்ட ஆறு வாரங்களில் வேங்கடராமன் என் செய்தார்? நாள்தோறும் மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சென்றார். முன்பும் நண்பரோடு போய் வந்தவர்தாம். இப்போது தனியே சென்று, நடராசர் முன்னும் அறுபத்துமூவர் திருவுருவங்கள் முன்னும் நெடுநேரம் நின்றார். அவர்களுடைய அன்பு போன்ற அன்பு தமக்கும் வளர வேண்டும் என்று சிலபோது வேண்டினார். பலபோது வேண்டுதலும் இன்றிக் கண்ணீர் மட்டும் வழிய நின்றார். மாடியில் எய்தியது முழுமையாயின் இவ்வேண்டுதல் எதற்கு? முழுமையன்றாயின், அதனை நிரப்ப அவர் பயிற்சி ஒன்றும் மேற்கொள்ளாதது ஏன்? முன்னைய வினாவைப் பயிற்சி வேண்டா என்பாரும், பின்னையதைப் பயிற்சி வேண்டும் என்பாரும் எதிர்கொள்ளக் காணோம். நிகழ்ச்சி பற்றிய உரைகளில் மிகுந்த ஒளி மாடியின் மேல் விழுந்துள்ளது. திருவண்ணாமலைக்கு வண்டியேறுமுன் ஒரு மாணவர் சேக்கிழார் பாடிய அடியார்களின் திருவுருவங்கள் முன் நின்று அழுத இவ்வாறு வாரங்களுக்குத் தனியே ஓர் ஆய்வுக் கட்டுரை இன்னும் தமிழில் எழுதப்படல் வேண்டும்.